ஊருக்கு ஊர் வேறுபடும் முறைப்பாடு

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பது எமது முதியோர் வாக்கு. ஆயின், ஒரு தாயின் பிள்ளைகள் நால்வர் நான்கு வீடுகளில் வளர்வாராயின் அவர்தம் அழுகை ஒரே விதமாக இராது. ஒரு வீட்டில் பால் வேண்டுமென்று அழுவர்; மற்றொரு வீட்டில் பால் ஆறிவிட்டதென்று அழுவர்; பிறிதொரு வீட்டில் அழுவதற்கே அஞ்சி வாளாவிருப்பர். ஆகவே அழுகையைக் கொண்டு பிள்ளையின் இயல்பை மட்டுமன்றி வீட்டின் இயல்பையும் அறிந்துகொள்ளலாம். இவ்வுண்மையை விளக்குதற்கு இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள், கனடா தேசத்து மக்கள் மோட்டார் வண்டிக் காப்புறுதி பற்றிச் செய்யும் முறைப்பாடுகளாகும்.

எங்கேயோ உள்ள தேசத்தின் காப்புறுதி எமக்கு எதற்கு என வாசகர் வினவலாம். யாழ்ப்பாணத்தில் கனடாவிலே உறவினர் இல்லாத ஒழுங்கையைக் காண்பது இன்று அரிது. அங்கிருந்து தொலைபேசியிற் பேசுவோர் சுகம் விசாரித்து, குளிரின் கொடுமையைச் சொல்லி முடித்ததும், பலகாலும் அடுத்து வருவது மோட்டார் வண்டிச் செலவே. ஸ்காபரோவில் இருப்பவர் காப்புறுதிக்குக் கட்டும் பணத்தைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார். வன்கூவரில் இருப்பவர், தம்மை இடித்தவன்மீது வழக்குத் தொடுக்க வழியில்லை என்பார். கல்கரியில் இருப்பவர், ஆலங்கட்டி மழை வண்டியின் கூரையைக் குழிகுழியாக்கிய கதையைச் சொல்வார். இவற்றைக் கேட்டிருக்கும் நாம், அவரவர் தலைவிதி என்றோ, அவரவர்க்கு வாய்த்த கம்பனியின் குணம் என்றோ எண்ணிவிடுகிறோம். உண்மை அதுவன்று. அவர்தம் முறைப்பாடுகளுட் பெரும்பாலானவற்றை வகுத்து வைத்திருப்பது அவ்வம் மாகாணத்தின் சட்டமே.

ஒரு தேசம், பல சட்டங்கள்

கனடா பத்து மாகாணங்களும் மூன்று ஆள்புலங்களும் கொண்ட கூட்டாட்சி நாடு. 1867 ஆம் ஆண்டின் அரசியற் சட்டம் சொத்துரிமை, குடியியல் உரிமை என்பவற்றை மாகாணங்களின் பொறுப்பில் விட்டது. காப்புறுதி ஒப்பந்தமும் அவ்வுரிமைகளுள் அடங்கும் என 1881 இல் இலண்டன் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது. இலங்கையின் மேன்முறையீடுகளையும் 1971 வரை கேட்டுவந்தது இக்கழகமே என்பதை மாணவர் நினைவுகூரலாம். இத்தீர்ப்பின் பயனாக ஒவ்வொரு மாகாணமும் தனக்கு ஏற்ற வழியை வகுத்துக்கொண்டது. அவ்வழிகளை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, அரசே காப்புறுதி செய்யும் வழி. கோதுமை வயல்கள் நிறைந்த சஸ்காச்சுவான் மாகாணத்தில் 1944 இல் ரொமி டக்ளஸ் தலைமையில் ஆட்சிக்கு வந்த கட்சி, அடுத்த ஆண்டே அரசாங்கக் காப்புறுதி நிறுவனத்தைத் தொடங்கி, 1946 இல் வாகன விபத்துக் காப்புறுதியைச் சட்டத்தாற் கட்டாயமாக்கியது. மனிற்ரோபா 1971 இலும், பிரிட்டிஷ் கொலம்பியா 1973 இலும் இதனைப் பின்பற்றின. இரண்டாவது, கலப்பு வழி. கியூபெக் மாகாணத்தில் 1978 மார்ச் 1 முதல், மனிதர் அடையும் காயத்துக்கு அரசும் வண்டி அடையும் சேதத்துக்குத் தனியார் கம்பனிகளும் பொறுப்பு. மூன்றாவது, யாவற்றையும் தனியார் கம்பனிகளிடம் விட்டு, அரசு மேற்பார்வை செய்யும் வழி. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, அத்திலாந்திக் கரையோர மாகாணங்கள் நான்கு என்பன இவ்வழியைச் சார்ந்தவை.

ஒரே விபத்து, நான்கு குறைகள்

நான்கு சகோதரர் நான்கு மாகாணங்களில் வாழ்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். நால்வருக்கும் ஒரே விதமான விபத்து நேர்கிறது. சிவப்பு விளக்கைக் கண்டு வண்டியை நிறுத்தியிருக்கும்போது பின்னால் வந்த வண்டி மோதுகிறது. தவறு முழுவதும் மோதியவனுடையது. கழுத்து நோவினால் எட்டு மாதம் வேலைக்குப் போக இயலவில்லை. நால்வரும் என்ன சொல்லி முறையிடுவர்?

ஒன்ராறியோவில் இருக்கும் மூத்தவருக்கு, யார் தவறாயினும் அவருடைய கம்பனியே முதலிற் சிகிச்சைச் செலவைக் கொடுக்கவேண்டும். ஆயின், 2010 இல் வகுக்கப்பட்ட விதியின்படி, காயம் "சிறு காயம்" என்ற வகுப்புக்குள் அடங்கினால் சிகிச்சைக்கு 3,500 டொலருக்கு மேற் கிடையாது. தசைப்பிடிப்பும் சுளுக்கும் கழுத்து அதிர்ச்சியும் இவ்வகுப்பினுள் வைக்கப்பட்டவை. கம்பனி தான் தெரிந்த வைத்தியரிடம் அவரை அனுப்பிப் பரிசோதிக்கவும் சட்டம் இடம் தருகிறது. நோவுக்காக இடித்தவன்மீது வழக்குத் தொடுப்பதாயின், காயம் பாரதூரமானது, நிரந்தரமானது என்று நிறுவவேண்டும். நிறுவினாலும், மிகப் பெருந்தொகையல்லாத தீர்ப்பிலிருந்து ஒரு பகுதி கழிக்கப்படும். முன்னர் 30,000 டொலராக இருந்த அக்கழிவு, 2015 முதல் விலைவாசியுடன் ஆண்டுதோறும் உயர்ந்து 40,000 டொலரைக் கடந்துவிட்டது. ஆகவே மூத்தவரின் முறைப்பாடு: "என் காயத்தைச் சிறிது என்று சொல்ல இவர்கள் யார்?"

அல்பேர்ட்டாவில் இருக்கும் இரண்டாமவர் வழக்குத் தொடுக்கலாம். ஆயின், தசை சார்ந்த சிறு காயத்தின் நோவுக்கு 2004 இல் 4,000 டொலர் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அது பின்னர் சிறிது சிறிதாக உயர்த்தப்பட்டு வருகிறது. 2008 இல் அம்மாகாண நீதிமன்றம் ஒன்று இவ்வரம்பு செல்லாது என்றது; 2009 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லும் என்றது. இவருடைய முறைப்பாடு: "தவறு அவனுடையது என்று எல்லாரும் ஒப்புகிறார்கள், என் நோவுக்கு விலை வைத்தது மட்டும் விபத்து நடப்பதற்கு முன்னரே."

பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கும் மூன்றாமவருக்கு, 2021 மே 1 முதல், இடித்தவன் சில குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டாலன்றி வழக்கே இல்லை. அதற்கு ஈடாகச் சிகிச்சைக்கு 75 இலட்சம் டொலர் வரை இடமுண்டு. இழந்த வருமானத்திலும் பெரும்பகுதி கிடைக்கும். கழுத்து நோவுக்கு இது போதியதே. ஆயினும், கொடுப்பதும், எவ்வளவு கொடுக்கலாம் என முதலில் முடிவு செய்வதும் ஒரே அரசாங்கக் கூட்டுத்தாபனமாகும். இவருடைய முறைப்பாடு: "பணம் வைத்திருப்பவரே நீதிபதியாகவும் இருக்கலாமோ?"

கியூபெக்கில் இருக்கும் இளையவருக்கு, 1978 தொடக்கமே காயத்துக்காக எவர்மீதும் வழக்கில்லை. மது வெறியில் வண்டி செலுத்தி இடித்தவன்மீதும் இல்லை. விபத்துக்குப் பின்னர் வைத்தியத்தில் நேர்ந்த தவறு காயத்தை மோசமாக்கினால் என்ன செய்வது என்ற வினா கனடாவின் அதியுயர் நீதிமன்றம் வரை சென்றது. அதுவும் விபத்தின் பகுதியே, வைத்தியர்மீது வழக்கில்லை, அரசு கொடுக்கும் நட்டஈடே முடிவு என 2017 இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இளையவர் கட்டும் காப்புறுதிக் கட்டணம் சொற்பம். பணம் பற்றி அவர் முறையிடார். அவருடைய மனக்குறை வேறு: "செய்தவனை மன்றில் நிறுத்தி, செய்தாய் என்று சொல்லும் உரிமை எனக்கில்லையே."

விபத்து ஒன்று, முறைப்பாடு நான்கு. ஒன்று காயத்தை வகுத்த முறை பற்றியது. ஒன்று நோவின் விலை பற்றியது. ஒன்று அதிகாரம் பற்றியது. ஒன்று நீதி பற்றியது. நால்வரும் ஒரு தாய் வயிற்றிற் பிறந்தவர். பேதம் சட்டத்தினால் வந்தது.

தபாற் குறியீடும் தலையெழுத்தும்

இனி, காயம் படாதவரின் முறைப்பாட்டைக் காண்போம். ஒன்ராறியோவில் ஓங்கி ஒலிப்பது கட்டணம் பற்றிய குரல். அம்மாகாண அரசு நியமித்த டேவிட் மார்ஷல் என்பார் 2017 இற் சமர்ப்பித்த அறிக்கை ஒரு விந்தையைச் சுட்டியது. விபத்தும் சாவும் மிகக் குறைந்த மாகாணங்களுள் ஒன்றாக இருந்தும், கட்டணம் தேசத்திலேயே மிகக் கூடியது ஒன்ராறியோவில் என்பதே அது. காரணம் யாது? காயப்பட்டவருக்குச் சேரவேண்டிய பணத்தில் பெரும் பங்கு, ஒருவர் கூற்றை மற்றவர் மறுக்கும் வைத்தியப் பரிசோதனைகளிலும் சட்டத்தரணிகளின் ஊதியத்திலும் கரைகிறது என அவ்வறிக்கை கூறிற்று. வழக்காடும் உரிமைக்கு விலை உண்டு. அவ்விலையைக் கட்டணமாகக் கொடுப்பவர் எல்லாச் சாரதிகளும் ஆவர்.

அம்மாகாணத்தினுள்ளேயும் ஊருக்கு ஊர் பேதமுண்டு. கம்பனிகள் சாரதியின் வயதையும் அநுபவத்தையும் மட்டுமன்றி, அவர் குடியிருக்கும் இடத்தையும் தபாற் குறியீட்டைக் கொண்டு கணிக்கின்றன. ரொறன்ரோவுக்கு அயலிலுள்ள பிரம்டன் நகரமும், எம்மவர் பலர் வாழும் ஸ்காபரோவும் கட்டணம் உயர்ந்த இடங்கள். ஒரு விபத்தும் செய்யாத நான் என் அயலவரின் கணக்கை ஏன் தீர்க்கவேண்டும் என்பது அங்குள்ளோர் வினா. குடியேறி வந்தோர் மிகுந்து வாழும் ஊர்களே உயர்ந்த கட்டணம் செலுத்துவது தற்செயலானதோ என்றும் அவர்கள் ஐயுறுகின்றனர். இவ்வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென 2018 இல் மாகாணச் சட்டசபையில் தனியார் மசோதாக்கள் கொண்டுவரப்பட்டன.

கம்பனிகளின் மறுமொழியையும் கேட்டல் நியாயம். நெருக்கமான வீதிகளில் மோதல் அதிகம். சில இடங்களிற் போலி விபத்துக் கூட்டங்களும் உண்டு. வண்டித் திருட்டும் பெருகியது. 2023 ஆம் ஆண்டில் மட்டும் களவு போன வண்டிகளுக்காகக் கனடா முழுவதும் கம்பனிகள் கொடுத்த நட்டஈடு ஏறத்தாழ 150 கோடி டொலர். அதில் 100 கோடிக்கு மேல் ஒன்ராறியோவுக்கே சென்றது. பிரம்டனிற் குறைத்தால் அந்தச் சுமை வேறோர் ஊரின் தலையில் ஏறும் என்கின்றனர் கம்பனியார். அதுவும் மெய்யே. சஸ்காச்சுவானில் அடிப்படைக் கட்டணத்துக்கு வயதும் ஊரும் பார்ப்பதில்லை. ஆகவே தபாற் குறியீடு பற்றிய முறைப்பாடு அங்கு எழ இடமில்லை. அங்கே 2003 முதல், வழக்குத் தொடுக்கும் உரிமையுள்ள காப்புறுதி, அஃதில்லாத காப்புறுதி என்னும் இரண்டில் ஒன்றைச் சாரதி தெரியலாம். ஆனால் விபத்துக்கு முன்னரே தெரியவேண்டும்; தெரியாது விட்டவர் இரண்டாவதிற் சேர்க்கப்படுவார். விபத்து நேர்ந்தபின் இதனை அறிபவரின் முறைப்பாடு எத்தகையது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

நீங்குவதில்லை, இடம் பெயர்கிறது

அரசுகள் இம்முறைப்பாடுகளைத் தீர்க்க முயலாமல் இல்லை. முயலாத அரசு பிழைப்பதும் அரிது. நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் 1999 இல் 55 தொகுதிகளில் 44 ஐ வென்ற கட்சி, காப்புறுதிக் கட்டணமே பெரும் பேச்சாயிருந்த 2003 ஆம் ஆண்டுத் தேர்தலில் 28 தொகுதிகளுடன் மயிரிழையில் ஆட்சியைக் காத்துக்கொண்டது. ஒன்ராறியோவில் 1990 இல் ஆட்சிக்கு வந்த பொப் ரேயின் கட்சி, அரசாங்கக் காப்புறுதி தருவதாக வாக்களித்து, மறு ஆண்டே அதனைக் கைவிட்டது.

ஆயின், ஒரு முறைப்பாட்டைத் தீர்த்த இடத்தில் இன்னொன்று முளைப்பதை நாம் காண்கிறோம். அல்பேர்ட்டா அரசு 2023 இல் கட்டண உயர்வை நிறுத்தி, 2024 இல் நல்ல சாரதிகளுக்கு ஆண்டுக்கு 3.7 வீதத்துக்கு மேல் உயர்த்தலாகாது என்றது. 2024 ஆகஸ்ட் மாதத்திற் கல்கரியிற் பெய்த ஆலங்கட்டி மழையோ வீடுகளுக்கும் வண்டிகளுக்கும் 250 கோடி டொலருக்கு மேற்பட்ட காப்புறுதி நட்டத்தை விளைத்தது. கட்டணம் கூடாது; செலவு கூடும். அவ்வாண்டிலேயே சில கம்பனிகள் அம்மாகாணத்தை விட்டு விலகுவதாக அறிவித்தன. "கட்டணம் கூடிவிட்டது" என்ற முறைப்பாடு "காப்புறுதி தருவார் குறைந்துவிட்டனர்" என்ற முறைப்பாடாக மாறியது. பின்னர், வழக்குகளைப் பெரிதும் நீக்கும் புதிய முறை 2027 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும்படி 2025 இற் சட்டம் இயற்றப்பட்டது.

பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் இவ்வாறே. 2017-18 நிதியாண்டில் அரசாங்கக் கூட்டுத்தாபனம் 130 கோடி டொலர் நட்டமடைந்தது. வழக்குச் செலவே பெருங்காரணம் எனக் கண்டு வழக்கை ஒழித்தனர், கட்டணம் குறைந்தது, முறைப்பாடு பணத்திலிருந்து உரிமைக்குத் தாவியது. மனிற்ரோபாவில் 1994 இல் வழக்கை ஒழித்தபின் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் வெகுண்டெழுந்தனர். முன்னர், கார்க்காரன் இடித்தாற் கார்க்காரனின் கணக்கிற் செலவு சேர்ந்தது. தவறு பாராத முறை வந்தபோது காயப்பட்டவனின் செலவு அவனுடைய வகுப்பின் கணக்கிலேயே சேர்ந்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டுபவனே எளிதிற் காயப்படுபவன். ஆகவே இடித்தவனை விட இடிபட்டவன் கட்டணம் உயர்ந்தது. கட்டணத்தை விசாரிக்கும் சபையின் முன் அவர்கள் சங்கம் நெடுங்காலமாக வாதாடி வருகிறது.

இதனால் நாம் அறிவது யாது? முறைப்பாடு அற்ற காப்புறுதி என்று ஒன்றில்லை. எந்த முறைப்பாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம், எதனைப் பொறுக்கலாகாது என்பதையே ஒரு சமுதாயம் தெரிந்துகொள்ள முடியும்.

எண்ணிக்கை சொல்லாதது

புள்ளிவிபரம் வாசிக்கும் மாணவர்க்கு இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. இந்த மாகாணத்திலிருந்து இத்தனை முறைப்பாடு, அந்த மாகாணத்திலிருந்து அத்தனை என்னும் அட்டவணையைக் கண்டவுடன், குறைந்த எண்ணுடைய மாகாணமே சிறந்தது என முடிவு கட்டலாகாது. முதலாவது, காப்புறுதி செய்யப்பட்ட வண்டிகளின் தொகையோடு ஒப்பிடவேண்டும். இரண்டாவது, முறைப்பாட்டை எண்ணியவர் யார் எனக் கேட்கவேண்டும். கனடாவில் தனியார் கம்பனிகள்மீதான முறைப்பாடுகளை ஆராயப் பொதுக் காப்புறுதிக் குறைகேள் சேவை என ஒன்று உண்டு. அரசாங்கக் கூட்டுத்தாபனங்கள்மீதான முறைப்பாடு அதன் வாயிலுக்குச் செல்வதில்லை. அவை கூட்டுத்தாபனத்தின் சொந்த அதிகாரியிடமும், மாகாணக் குறைகேள் அதிகாரியிடமும், மேன்முறையீட்டு ஆணைக்குழுக்களிடமும் செல்லும். ஒரு வாயிலில் நின்று எண்ணியவர் மற்ற வாயிலாற் போனவரைக் காணமாட்டார்.

மூன்றாவதே எமக்கு மிக நெருங்கியது. முறையிடாதவர் எந்த அட்டவணையிலும் இல்லை. முறையிடுவதற்கு மொழி வேண்டும், நேரம் வேண்டும், எங்கே போவது என்ற அறிவு வேண்டும், கேட்டாற் குற்றமில்லை என்ற துணிவும் வேண்டும். இரண்டு வேலை செய்யும் தகப்பனுக்கு நேரமில்லை. பேரப்பிள்ளையைப் பார்க்கச் சென்று அங்கேயே தங்கிவிட்ட பாட்டிக்கு மொழியில்லை. அந்நியரிடம் குறை சொல்வது மரியாதைக் குறைவு என்று பிள்ளைகளை வளர்த்தவர்கள் நாமே. இவர்கள் நீட்டிய தாளிற் கையொப்பமிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு, கோவிலுக்கு நேர்ந்துவிட்டு இருந்துவிடுவர். அம்மௌனத்தைத் திருப்தி என்று கணக்கெழுதுவோர் உண்டு.

மௌனத்துக்கு விலையும் உண்டு. ஒன்ராறியோவில் விபத்து நேர்ந்தால் 7 நாட்களுக்குள் கம்பனிக்கு அறிவிக்கவேண்டும்; விண்ணப்பப் பத்திரம் கிடைத்து 30 நாட்களுக்குள் அதனை நிரப்பிக் கொடுக்கவேண்டும்; கம்பனி மறுத்தால் 2 ஆண்டுகளுக்குள் நியாயசபையை நாடவேண்டும். நியாயமான காரணமின்றிக் காலம் கடந்தால், காயம் எவ்வளவு உண்மையாயினும் உரிமை தளர்ந்துவிடும். ஆகவே, பேசிய நாளையும் பேசியவர் பெயரையும் குறித்து வைத்தல், மறுப்பைக் காரணத்தோடு எழுத்திற் கேட்டு வாங்குதல், முதலிற் கம்பனியின் முறைப்பாட்டு அதிகாரிக்கு எழுதி அவர் தரும் இறுதி மறுமொழியைப் பெற்றபின் வெளி வாயிலை நாடுதல் என்னும் மூன்றும் எந்த மாகாணத்திலும் பயன் தருவன. கோபத்தோடு பத்துப் பக்கம் எழுதுவதிலும், நாளும் தொகையும் குறித்து ஒரு பக்கம் எழுதுவது மேல் என்பதை மாணவர்க்குக் கட்டுரை கற்பிக்கும் நாம் தயங்காது சொல்வோம்.

கடல் கடந்து வாழும் பிள்ளை தொலைபேசியில் இத்தகைய குறையைச் சொல்லும்போது, இங்குள்ள பெற்றோர் "போகட்டும், உயிர் தப்பியதே பெரிது" என்று ஆறுதல் கூறுவர். அவ்வாறுதல் வேண்டியதே. அதனோடு, "நீ இருக்கும் மாகாணத்தின் சட்டம் என்ன சொல்கிறது? எழுதிக் கொடுத்தாயா?" என்னும் இரண்டு கேள்விகளையும் கேட்பாராயின், அப்பிள்ளைக்கு அவர் செய்யும் உதவி சிறிதன்று.